கேனைக் கரையில் வைத்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை

“…கடலு எங்கயும் போகலைக்கா, அது அங்கனயேதான் கெடக்கு. எண்ணெய் விக்கிற வெலையில நம்ம கைதான் குட்டையாயிருச்சு.”

காசிம் இதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை அந்தியில், ஏர்வாடிக் கரையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. நானும் என் வீட்டுக்காரரும் அப்போதுதான் அவர் படகிலிருந்து இறங்கியிருந்தோம். கால் மணலில் நின்றாலும் தலை இன்னும் கடலிலேயே ஆடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். அதை மட்டும் எழுதினால் உங்களுக்குப் பாதிதான் விளங்கும். அதனால் வெள்ளிக்கிழமையிலிருந்தே வருகிறேன்.

நாங்கள் பவானிக்காரர்கள். எனக்கு இட்லிக்கடை. வீட்டுக்காரர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அவருக்குத் தூண்டில் கையில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆற்றில் கெண்டையும் ஜிலேபியும் பிடித்து அலுத்து, யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து, சில வருடங்களுக்கு முன் ஏர்வாடிக்கு வந்தார். கடலில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைப் படகில் கூட்டிப்போகும் காசிமை அங்கே கண்டுபிடித்தார். அதிலிருந்து மாசி பிறந்தால் மனுஷனை வீட்டில் நிறுத்த முடியாது. இந்தத் தடவை கடைக்குக் கருவாடு வாங்கும் சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். நான் படித்ததெல்லாம் பொட்டலம் மடிக்க வரும் பழைய பேப்பர்தான். பேசக் கற்றது கடைக்கு வருகிற வாய்களிடம். ஆகவே ஊரைச் சுற்றிப் பார்ப்பதைவிட ஊர் பேசுவதைக் கேட்பதுதான் எனக்குப் பயணம்.

வெள்ளிக்கிழமை காலை ராமநாதபுரத்தில் இறங்கியதும் காசிமுக்குப் போன் போட்டோம். “இன்னைக்கு ஜும்மாண்ணே, நாங்க கடலுக்குப் போறதில்ல. வருசா வருசம் மறந்துட்டு வெள்ளிக்கிழமையாப் பாத்து வந்து எறங்குறீகளே” என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். சும்மா இருப்பானேன் என்று பாம்பன் பஸ் ஏறினோம்.

அக்காள்மடத்துக்குப் பக்கத்தில் சுற்றுலாப் படகு விடுகிற ஓர் இடம். பாலத்துக்கு அடியில் போய், சுற்றிவந்து விடுவார்கள் என்று வீட்டுக்காரர் போன வருடமே ஆசை காட்டியிருந்தார். டிக்கெட் வாங்கிப் படகில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். எங்களோடு ஓர் ஆந்திராக் குடும்பம். வேறு ஆளே வரவில்லை.

“எப்பத் தம்பி எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“நெறைஞ்சதும் எடுத்துருவோம்மா. பாதி ஆளோட எடுத்தா நான் வீட்டுலருந்து காசு கொண்டாந்து ஊத்தணும்” என்றார் படகுக்காரர்.

அந்த ஆந்திராக் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு என்பதால் எனக்குக் கொஞ்சம் புரியும். “படகு எப்போம்மா போகும்?” என்றது குழந்தை. “படகு போகாதாம் கண்ணு. நாமதான் போகணுமாம், ரூமுக்கு” என்றாள் தாய். சொன்னபடியே எழுந்தும் விட்டார்கள். டிக்கெட்காரர் ஓடிவந்து கெஞ்சி உட்கார வைத்தார்.

ஒருவழியாகப் படகு கிளம்பியது. நன்றாகச் சூடான வடைச்சட்டியில் மாவு போட்டது மாதிரி இன்ஜின் பொரிந்தது. கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான் போயிருப்போம், சத்தம் நின்றுவிட்டது. பாலம் அந்தண்டை தெரிகிறது, நாங்கள் இந்தண்டை மிதக்கிறோம்.

“என்னங்க, ரிப்பேருங்களா?” என்றார் வீட்டுக்காரர்.

“ரிப்பேர் இல்ல சார். ரசிங்க.”

“பாலத்துக்கு அடியில போவீங்களே?”

“அது டீசல் வெல கொறைச்சலா இருந்த காலம். இப்ப இங்கனருந்தே ரசிச்சுக்கிர்றதுதான்.”

ரசித்தோம். வேறென்ன செய்வது. எங்கள் கூடுதுறையில் பரிசல் ஓட்டுகிறவருக்குத் துடுப்புதான் டீசல். அவருக்கும் வேர்த்தால் அவரும் நடு ஆற்றில் நிறுத்தி ரசிக்கச் சொல்வார். ஆனால் அவர் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி வலிப்பார். இங்கே நிறுத்தினால் நிறுத்தியதுதான். கரையில் இன்னும் சில படகுகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. ஒன்றின் மேல் நாய் தூங்கியது. கட்டிப்போட்டு வெகுநாளாகிவிட்ட படகில்தான் நாய் ஏறும் என்று அந்தப் படகுக்காரர் எனக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் சீலா வறுவல் கேட்டார். பரிமாறுகிறவர் தலையை ஆட்டிவிட்டு நகரை மீன் வைத்தார். “சீலா தூரத்து மீனுண்ணே. தூரம் போனாத்தான சீலா. இப்பக் கரை மீன் சாப்புடுங்க, அதுவும் மீனுதான்” என்றார். நல்ல ருசிதான். ஆனாலும் கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு தூரத்து மீன் என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் கடலே தூரம். இவர்களுக்குமா?

சனிக்கிழமை ஏர்வாடிக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ. தர்காவுக்குப் போகிறவர்கள் நான்கு பேர், நாங்கள் இரண்டு பேர், ஒரு மூட்டை. பாதி வழியில் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, பெட்ரோல் ஊற்றி வைக்கும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதுவும் காலி.

“நெறைச்சு ஊத்திட்டா என்னப்பா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நெறைச்சு ஊத்தித் தெருவுல நிறுத்துனா விடியுறதுக்குள்ள உறிஞ்சிருவாய்ங்க பாய். பெட்ரோலு இப்ப நகை மாதிரி. அன்னன்னைக்குப் போட்டு அன்னன்னைக்குக் கழட்டிரணும்.”

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நேர்ச்சைக்கு வந்த ஒரு பெரியம்மா கையில் பூக்கூடையோடு கூடவே நடந்து, “தள்ளுறதுக்கும் சேத்து துவா கேட்டுக்கிருவோம்” என்றார்.

காசிம் வீட்டில் தேங்காய்ச்சோறும் மீன் ஆணமும் காத்திருந்தன. குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். காசிமின் மனைவி பரீதா கை நிறையப் போடுகிறவள். “அக்கா, கறிவேப்பிலைய ஒதுக்குற மாதிரி மீனை ஒதுக்காதீக” என்று என் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள். நான் “போதுங் கண்ணு, போதுங்” என்றால், “இந்த ‘ங்’ எனக்கு ரெம்பப் பிடிச்சிருக்கு, இன்னொருக்கச் சொல்லுங்க” என்று அதற்கும் ஒரு கரண்டி.

சாப்பிட்டு முடித்ததும்தான் வீட்டின் கனம் தெரிந்தது. காசிம் சவூதியில் பல வருடம் டிரைவராக இருந்து, போதும் என்று வந்தவர். கொண்டுவந்ததையெல்லாம் போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினார். வெளியூர்க்காரர்கள் உட்கார மெத்தை வைத்த இருக்கை, வெயிலுக்கு மேலே கூடாரம், தூண்டிலைச் சொருகிவைக்கக் குழாய் எல்லாம் மாட்டினார். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்களுக்குப் பெரிய மீன் வேண்டும். பெரிய மீனுக்குக் கரைக்கு எதிரே இருக்கும் தீவைத் தாண்டிப் போகவேண்டும். தாண்டிப் போக டீசல் வேண்டும். மீன் பிடிக்கிற படகுக்காவது மானிய டீசல் என்று ஒன்று உண்டு. வேடிக்கைக்கு ஆள் ஏற்றுகிற படகுக்கு அதுவும் இல்லை.

“இப்பவும் போன் வருதுக்கா. ஹலோங்கிறாங்க, ரேட்டக் கேக்குறாங்க, வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்கிறாங்க. இவங்க வீட்டுல என்னதான் சொல்றாங்களோ, ஒருத்தரும் திரும்பக் கூப்புடல” என்றார் காசிம்.

பரீதாவின் அண்ணன் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அங்கே ஒரு டிரைவர் வேலை சொல்லி வைத்திருக்கிறார். வருகிறாயா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும். “இந்தப் போட்டை வாங்குறப்ப வேணாம்னவ நான்தான்க்கா. இப்பப் போட்டை விட்டுட்டுப் போகாதீகங்கிறதும் நான்தான்” என்றாள் பரீதா. “நாளைக்கு ஒருநாளு பாத்துட்டுச் சொல்லுவோம்னு இருக்காக.”

நாளைக்கு என்ன என்று கேட்டோம். காசிம் சொன்னார்.

அந்தக் கரையில் சிறுபடகுக்காரர்கள் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று நான்கு படகைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, முதல் படகின் இன்ஜினை மட்டும் ஓட்டிக் கூட்டிப்போவது. மற்ற இன்ஜின்களெல்லாம் சும்மா தூங்கும். மீன் இருக்கும் இடத்தில் கயிற்றை அவிழ்த்து அவரவர் தூண்டில் போட்டுக்கொள்வது, திரும்பும்போது மறுபடி கட்டிக்கொள்வது. இன்றைக்கு ஒருவர் இழுத்தால் நாளைக்கு இன்னொருவர். அந்த வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி காசிம் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இழுக்கிற முறை கருப்பையாவுடையது. சரி என்றிருக்கிறார். எங்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அப்படிப் போய்வர முடிந்தால், டீசல் செலவு நாலில் ஒன்றாகும், வாடகையைக் குறைக்கலாம், ஆள் வரும், சவூதி வேண்டாம். முடியாவிட்டால் தம்மாம். பந்தயக் குதிரை மாதிரி நாங்கள் இரண்டு பேரும் தேங்காய்ச்சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு விடியும்போது கரையில் இருந்தோம். கருப்பையாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கறுத்த ஒல்லி உடம்பு, கால் விரல்கள் மட்டும் மணலைப் பிடித்துப் பிடித்து விரிந்திருந்தன. எங்களையும், வீட்டுக்காரர் தூக்கிவந்த பெரிய ஐஸ் பெட்டியையும் பார்த்துவிட்டு, “ஏலே காசிமு, சீர் வரிசையோட வந்துருக்காகளே” என்றார்.

காசிம் வழக்கமாகக் கொண்டுபோகும் டீசல் கேன் நிறைந்து இருந்தது. அதை அவர் படகில் ஏற்றாமல் வலை போடும் கொட்டகையில் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தேன்.

“மறந்துட்டீங்களா தம்பி?”

“இல்லக்கா. கயிறு கட்டிப் போறப்ப பின்னால வாரவன் தொட்டியில ஊத்தவும் கூடாது, கேன் கொண்டுபோகவும் கூடாது. கொண்டுபோனா முன்னால இழுக்குறவரை நம்பலைன்னு ஆயிரும். அவரு மொகத்துல முழிக்க முடியாது.”

கல்யாண வீட்டுக்குப் போகும்போது கட்டுச்சோறு எடுத்துப் போகமாட்டோம் இல்லையா, அதுபோல என்று எண்ணிக்கொண்டேன். கருப்பையா, பின்னால் இரண்டு படகு, கடைசியில் நாங்கள். கயிறு விறைத்தது, படகு தானாக நகர்ந்தது. எங்கள் இன்ஜின் ஊமையாக இருக்க, தண்ணீர் பலகையில் தட்டுவதும் கயிறு முனகுவதும்தான் சத்தம். காசிமின் முகத்தில் நேற்றிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு. “சத்தமில்லாமப் போறதையே ஒரு விசேஷமாச் சொல்லி ஆளைக் கூப்புடலாம்ணே” என்றார். அவர் மனசுக்குள் விளம்பரப் பலகையே எழுதிக்கொண்டிருந்தார்.

தீவுக்குள் யாரும் இறங்கக் கூடாது. அதன் பச்சையை ஒதுங்கிப் பார்த்தபடியே தாண்டிப் போனோம். நீர் நிறம் மாறியதும் கயிற்றை அவிழ்த்தார்கள். வீட்டுக்காரர் ஒரு பாறை மீனும் இரண்டு ஊளியும் பிடித்தார். அந்தப் பாறையோடு அவர் போராடியபோது இருந்த களையை எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் கண்டதில்லை. கருப்பையாவுக்கும் மற்ற இருவருக்கும் விளமீன் நன்றாக ஏறியது. “ஆளு ராசியான ஆளுதான்” என்று அங்கிருந்து ஒருவர் கத்தினார். ரொட்டிக்குள் பொரித்த முட்டையை வைத்து பரீதா கட்டிக்கொடுத்திருந்தாள். தின்றோம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

உச்சிக்கு முன்பே காசிம் வடக்கே பார்த்தார். கருப்பையாவும் வடக்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மாசியில் அடங்கியிருக்க வேண்டிய வாடைக்காற்று எழும்பிவிட்டது. கரை வடக்கில், வாடை என்றால் திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. அவசரமாகக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

போகும்போது வழுக்கிக்கொண்டு வந்த படகு இப்போது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி வந்தது. எங்கள் தலைக்கு மேல் கூடாரத் துணி புடைத்துப் படபடத்தது. கருப்பையாவின் இன்ஜின் கதறுகிறது, தீவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே முன்னால் பார்த்தேன். தீவைத் தாண்டிக் கரையின் பனைமரங்கள் தெரிய ஆரம்பித்தபோது இன்ஜின் நின்றது. பாம்பனில் நின்றது மாதிரி இல்லை. இருமி, ஒரு விக்கல் விக்கி நின்றது.

படகுக்குப் படகு பேச்சு பறந்தது.

“ஏலே, கேன எடு.”

“எங்கிட்ட ஏது? நீ வச்சிருப்பேன்னு நான் நெனைச்சேன்.”

“நான் எதுக்குடா வைக்கப்போறேன், அண்ணன் மொறையில?”

கருப்பையா கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார். காற்றில் குரல் கிழிந்து வந்தது. “காசிமு, நீ டவுன் ஆளுகளை ஏத்துறவன். உங்கிட்ட இருக்குமேப்பா.”

காசிம் எழுந்து நின்றார். “உங்களை நம்பாமயாண்ணே கேன் கொண்டு வருவேன்?”

நான்கு இன்ஜின், நான்கு காலித் தொட்டி. எல்லோருமே ஒருவரை ஒருவர் அவமதிக்கக் கூடாது என்று கேனைக் கரையில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். கருப்பையா காற்றில்லாத நாளுக்கு அளந்து ஊற்றியிருந்தார். கூட ஊற்ற யாருக்குக் கை வருகிறது இப்போது.

நங்கூரம் போட்டுக் கிடந்தோம். கருப்பையா கரையிலிருந்த இன்னொரு படகுக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கையை உயர்த்திப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. “வாரேன்ணே, வராம என்ன. ஆனா வந்துட்டுப் போற எண்ணெய் யாரு கணக்குல?” என்றது அந்தக் குரல். அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். கருப்பையா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏற ஏற விளமீன்தான் கவலையானது. படகு எடை குறையட்டும் என்று அவர்கள் பனிக்கட்டியைக்கூடக் குறைவாகவே கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்காரர் தலை சுற்றலோடு எழுந்து தன் ஐஸ் பெட்டியைத் திறந்து, தன் பாறையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, “அவங்க மீனை இதுல போடச் சொல்லுங்க” என்றார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகுகளை ஒட்டவைத்து, கொள்ளுகிற மட்டும் அடுக்கினார்கள். கொள்ளாதது கொஞ்சமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வேறொரு படகு வழியில் எங்களைப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்து விட்டது. கரையில் மீன் எடுக்கிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார், விரலால் வயிற்றை அமுக்கினார். அமுக்கின இடம் குழியாகவே நின்றது. அவர் சொன்ன விலைக்கே கூடையைத் தள்ளிக்கொடுத்தார்கள்.

கருப்பையா நேராகக் காசிமிடம் வந்தார். “இது என் அளவுத் தப்புப்பா. நீ ஒண்ணும் நெனைக்காத. அடுத்த ஞாயிறும் கட்டிக்க.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. தம்மாம் வேண்டாம் என்று பரீதாவுக்கு இப்போதே போன் போடலாமா என்றுகூட நினைத்தேன். காசிம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அளவு சரிதாண்ணே. கூடாரமில்லாத நாலு போட்டுக்கு அது பத்தும். காத்தைப் புடிச்சுக்கிட்டு உங்களைப் பின்னால இழுத்தது என் கூடாரம். அப்பறம் மெத்தை, பெட்டி, ரெண்டு ஆளு. உங்க மீனு கெட்டது எங்க வேடிக்கையில.”

“அட போப்பா. காத்துக்கு நீ என்ன பண்ணுவ” என்றார் கருப்பையா. ஆனால் அவர் கண் ஒருதரம் அந்தக் கூடாரத் துணிக்குப் போய்வந்தது.

“கூடாரத்தை அவுத்துப்போட்டா ஆகாதுங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“வெயில்ல வறுபட்டு மீன் புடிக்க மதுரையிலருந்து எவன்ணே வாரான்?”

“அப்பக் கிட்டத்துலயே போடலாமுங்க தம்பி” என்றேன் நான். எப்படியாவது அவரை நிறுத்திவைக்க வேண்டும் போல் இருந்தது. “தீவு வரைக்கும் எதுக்கு? கரையோரமாவே நாலு மீன் புடிச்சாலும் வர்றவங்களுக்குச் சந்தோசந்தானுங்களே?”

“கிட்டத்துல என்னக்கா இருக்கு? கரைப்பொடி மீனைப் புடிக்க அவங்க இங்கன வரணுமா? அவங்க கேக்குறது தூரத்து மீனு. முன்ன நான் கொண்டுபோய்க் காட்டுனதும் அதைத்தான்” என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, முதலில் நான் எழுதியிருக்கிறேனே, அந்தப் பேச்சைச் சொன்னார்.

சொல்லிவிட்டுத் தண்ணீரை விட்டு ஏறிக் கொட்டகைக்குள் போனார். காலையில் வைத்துவிட்டு வந்த கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தன் படகைத் தாண்டிப் போய்க் கருப்பையாவின் படகில் ஏறி, அதன் டீசல் தொட்டி மூடியைத் திருகி எடுத்து, ஊற்ற ஆரம்பித்தார்.

“ஏலே, என்ன பண்ற? நாளைக்கு உனக்கு வேணுமில்ல?” என்று கருப்பையா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

காசிம், அவர் பிடித்த கையோடேயே கேனைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு தொட்டியை மூடி, காலிக் கேனையும் அந்தப் படகுக்குள்ளேயே வைத்தார்.